துளையும் மேற்பரப்பும்: பவுலிங் பந்தின் வரலாற்றில் அளவுகோலின் தாமதம்

விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் ஆட்டக்காரர்களையும் போட்டிகளையும் சாதனைகளையும் எழுதுகிறார்கள். கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் சில விளையாட்டுகளில் அந்த அடிக்குறிப்பை விரித்துப் படித்தால்தான், அவ்விளையாட்டு எதைத் 'திறமை' என்று அழைத்துவந்தது என்பதே விளங்கும். அமெரிக்காவில் வேரூன்றி வளர்ந்த பத்துக்கட்டை பவுலிங் அத்தகையது. அதன் பந்தில் துளை எங்கே இடப்படுகிறது, மேற்பரப்பு எப்படித் தீட்டப்படுகிறது என்னும் இரு கைத்தொழில் செய்திகளைச் சுற்றி நூறாண்டுக்கும் மேலாக ஒரு வாதம் நடந்துவருகிறது. கட்டைகளைச் சாய்த்தது கையா, பந்தா என்பதே அந்த வாதத்தின் மையக் கேள்வி.

முதலில் களத்தை அறிந்துகொள்வது நல்லது. வீச்சுக் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை தடத்தின் நீளம் 60 அடி. அகலம் ஏறத்தாழ 41.5 அங்குலம். மரத் தடமாயின் 39 குறும்பலகைகள் நெடுக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும். பந்தின் எடை 16 பவுண்டைத் தாண்டக் கூடாது. விட்டம் ஏறத்தாழ 8.5 அங்குலம். தடத்தின் முற்பகுதியில் சுமார் 40 அடி வரை மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசப்பட்டிருக்கும். எஞ்சிய பகுதி உலர்ந்திருக்கும். ஒரு தடத்துக்குப் பொதுவாகச் செலவாகும் எண்ணெய் 20 முதல் 30 மில்லிலிட்டர் வரைதான். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் பளபளப்பு.

வீசப்பட்ட பந்து உடனே உருளத் தொடங்குவதில்லை; முதலில் சறுக்குகிறது. சுழற்சியே இல்லாமல் விடப்பட்ட சீரான கோளம், நழுவுதலற்ற உருளுதலை எட்டும்போது தன் தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்கை மட்டுமே தக்கவைத்திருக்கும் என்பது இயற்பியல் மாணவர்கள் அறிந்த கணக்கு. பக்கவாட்டுச் சுழற்சியோடு விடப்பட்டால், உராய்வு விசை பயணத் திசைக்குச் சாய்வாக அமைந்து பாதையை வளைக்கும். உராய்வுக் கெழு மாறாதிருப்பின் அவ்வளைவு ஒரு பரவளையம். நழுவுதல் நின்றதும் பாதை நேர்கோடாகிவிடும். 1977இல் ஹாப்கின்ஸ், பேட்டர்சன் ஆகிய இருவரும், 2004இல் கிளிஃப் ஃப்ரோலிக்கும் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் பவுலிங் பந்தின் இயக்கத்தை ஆராய்ந்து எழுதினர். இவ்வளைவுக்கு ஆட்டத்தில் பெரும் பயன் உண்டு. நேராக வரும் பந்து கட்டைகளில் மோதி எளிதில் விலகிவிடும். முதல் கட்டைக்கும் அதன் பக்கத்துக் கட்டைக்கும் இடையே ஏறத்தாழ 6 பாகைக் கோணத்தில் நுழையும் பந்துக்கே பத்தையும் ஒருசேரச் சாய்க்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே உராய்வை எங்கே செலவிடுவது, எங்கே சேமிப்பது என்பதே ஆட்டத்தின் உள்ளார்ந்த கணக்கு. அந்தக் கணக்கில் கைக்கு ஒரு பங்கு, பந்தின் மேற்பரப்புக்கு ஒரு பங்கு, தடத்தின் எண்ணெய்க்கு ஒரு பங்கு. எதற்கு எவ்வளவு என்பதில்தான் வரலாறு தொடங்குகிறது.

தொடக்கக் காலப் பந்துகள் லிக்னம் வீட்டே என்னும் மிகக் கடினமான மரத்தில் கடையப்பட்டவை. 1905இல் 'எவர்ட்ரூ' என்ற பெயரில் கெட்டி ரப்பர் பந்து வந்தது. 1914இல் பிரன்ஸ்விக் நிறுவனம் 'மினரலைட்' பந்தை அறிமுகப்படுத்தியது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கெட்டி ரப்பரே கோலோச்சியது. பந்துகளெல்லாம் ஏறக்குறைய ஒரே பொருளால் ஆனவை என்ற நிலையில் மேற்பரப்பைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஐயம் வேறிடத்தில் இருந்தது. விதிகளை ஒருமைப்படுத்தும் நோக்கில் 1895இல் நியூயார்க்கில் உருவான அமெரிக்கன் பவுலிங் காங்கிரசின் காலத்தில், ஒரு பக்கம் கனம் மிகுந்த பந்துகள் 'டோடோ' என்று அழைக்கப்பட்டன. அவை முறைகேடானவையாகக் கருதப்பட்டன. பந்தின் எடைச் சமநிலையை அளக்கும் தராசும் 'டோடோ தராசு' என்றே பெயர் பெற்றது.

இங்கேதான் துளை வரலாற்றுக்குள் நுழைகிறது. விரல்களுக்காகக் குடையும்போது பந்து ஒரு பக்கத்தில் பொருளை இழக்கிறது. அதை ஈடுகட்ட, துளைகள் அமையவேண்டிய பக்கத்தில் மேற்பரப்புக்குக் கீழே கனமான வட்டு ஒன்றை உற்பத்தியாளர்கள் புதைத்தனர். ஆனால் ஈடுகட்ட வந்த வட்டே புதிய வாய்ப்பையும் திறந்துவிட்டது. வட்டின் நடுவிலிருந்து துளைகளைச் சற்று விலக்கிக் குடைந்தால் கனம் வலப்புறமோ இடப்புறமோ மிஞ்சும். எனவே விதிப்புத்தகம் அவுன்சுக் கணக்கில் இறங்கியது: மேல் கீழ் வேறுபாடு 3 அவுன்சைத் தாண்டக் கூடாது, பக்கவாட்டு வேறுபாடு 1 அவுன்சைத் தாண்டக் கூடாது. துளையிடும் தொழில் இவ்வாறு தராசோடு பிணைந்த நுண்தொழிலாயிற்று.

துளையின் பணி எடையோடு முடிவதில்லை. நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாம் கணு வரை புதையும் பழைய பிடியில் பந்து கையோடு ஒட்டியிருக்கும். முதல் கணு வரை மட்டுமே புதையும் நுனிவிரல் பிடியில் கட்டைவிரல் முன்னதாக விடுபட, மற்ற விரல்கள் பந்துக்குக் கூடுதல் சுழற்சியைக் கொடுக்கும். துளையின் ஆழம், சாய்வு, இடைவெளி ஆகியவை ஆட்டக்காரரின் கையை அளந்து அமைக்கப்படுபவை. கடையில் வாங்கிய பந்து இன்னொருவர் கைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். துளையிடுபவரின் பட்டறை, தொழிற்சாலைக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே நின்ற மூன்றாவது அறிவுக்களம். அந்த அறிவின் பெரும்பகுதி கைப்பழக்கத்தில் வாழ்ந்தது.

1960ஐ ஒட்டி பாலியெஸ்டர் பந்துகள் சந்தைக்கு வந்தன. அதன்பின் தடங்களின் பூச்சும் மாறியது. பழைய மரத் தடங்களுக்கு ஷெல்லாக்கும் அதன்பின் லாக்கரும் பூசப்பட்டன. லாக்கர் எளிதில் தீப்பற்றக்கூடியது. 1970களில் பாலியூரித்தேன் பூச்சு அதன் இடத்தைப் பிடித்தது. புதிய பூச்சு கடினமானது, வழுவழுப்பானது. எண்ணெய் அதன் மேலேயே நின்றது. மென்மையான லாக்கர் தடத்தில் நன்கு வளைந்த பந்துகள் இங்கே சறுக்கிக்கொண்டே போயின. களம் மாறியதும் கையின் பழைய திறமை பயனிழந்தது. பிடிமானத்தைப் பந்தின் மேற்பரப்பிலேயே தேடவேண்டிய நிலை உருவாயிற்று.

தேடியவர் டான் மெக்கியூன். 1973இல் அவர் பாலியெஸ்டர் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் கரைப்பானில் ஊறவைத்தார். ஊறிய பந்தின் மேற்பரப்பு மென்மையடைந்து தடத்தைப் பற்றியது. அந்த ஆண்டில் மட்டும் அவர் தொழில்முறைப் போட்டிகளில் ஆறு பட்டங்களை வென்று ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரானார். மற்றவர்களும் ஊறவைக்கத் தொடங்கினர். அந்தக் கரைப்பானோ எளிதில் தீப்பற்றுவது. ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்துவது. விதிப்புத்தகத்தில் இதைத் தடுக்க ஒரு சொல்கூட இல்லை. ஊறவைத்த பந்து டோடோ தராசில் குற்றமற்றதாகவே நின்றது. தராசு எடையை மட்டுமே அறியும்.

அடுத்த சில ஆண்டுகளுக்குள் புதிய கருவி ஒன்று விதிப்புத்தகத்துக்குள் வந்தது. டியூரோமீட்டர் எனப்படும் கடினமானி, ஒரு சிறு முனையைப் பந்தில் அழுத்தி எவ்வளவு உள்வாங்குகிறது என்று அளக்கும். தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் குறைந்தபட்சக் கடினத்தன்மையை 75 என்றும், அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸ் 72 என்றும் வரையறுத்தன. 'நேர்மையான பந்து' என்பதன் பொருள் மாறிய தருணம் இது. அதுவரை சமநிலை உடையதே நேர்மையான பந்து. இனி போதிய கடினம் உடையதே நேர்மையான பந்து.

பந்தை அளந்தாயிற்று, தடத்தை? 1982 ஜூலை 1 அன்று கலிபோர்னியாவின் லா ஹாப்ரா நகரில் க்ளென் ஆலிசன் அடுத்தடுத்து மூன்று முழுமையான ஆட்டங்களை ஆடினார். 36 வீச்சுகள், ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டைகளும் சரிந்தன. ஓர் ஆட்டத்தின் உச்சப் புள்ளி 300. ஆலிசனின் மொத்தம் 900. அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸ் அதை அங்கீகரிக்க மறுத்தது. தடத்தில் எண்ணெய் பூசப்பட்டிருந்த முறை விதிக்கு உட்பட்டதாக இல்லை என்பதே காரணம். நடுவில் எண்ணெய் மிகுந்தும் ஓரங்களில் குறைந்தும் இருக்கும் தடத்தில், உள்ளே தவறிய பந்து சறுக்கிச் சரியான இடத்தை அடையும். வெளியே தவறிய பந்து பிடிமானம் பெற்று உள்ளே திரும்பும். எண்ணெயே பந்தை வழிநடத்தும் வாய்க்காலாகிவிடும். அப்படியானால் அந்த 36 வீச்சுகளும் யாருடையவை? எண்ணெயைப் பூசியவர் ஆலிசன் அல்லர். அவர் தனக்குத் தரப்பட்ட தடத்தில் ஆடினார். தண்டனை மட்டும் அவருடைய பதிவேட்டில் விழுந்தது. அங்கீகரிக்கப்பட்ட முதல் 900 புள்ளிகள் 1997 பிப்ரவரி 2 அன்று நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஜெரமி சோனன்ஃபெல்டால் எடுக்கப்பட்டவை. இரண்டுக்கும் இடையே 15 ஆண்டுகள்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பந்து முற்றிலும் மாறியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் பந்துகளும், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் எனப்படும் புதுவகைப் பந்துகளும் வந்தன. ரெசின் பந்தின் மேற்பரப்பில் நுண்துளைகள் உண்டு. அவை தடத்து எண்ணெயை உறிஞ்சும். எண்ணெயில் சறுக்கிச் சென்று, உலர்ந்த பகுதியைத் தொட்டதும் கூர்மையாகத் திரும்பும் தன்மை அதற்கு இயல்பாகவே அமைந்தது. மெக்கியூன் கரைப்பானில் தேடியதைத் தொழிற்சாலை சட்டபூர்வமாகவே விற்றது. 1960களின் இறுதியில் ஓர் ஆண்டில் அங்கீகரிக்கப்பட்ட முழுமையான ஆட்டங்கள் ஆயிரத்துக்கும் குறைவு; 1990களின் இறுதியில் முப்பதாயிரத்துக்கும் மேல். இதே காலத்தில் காங்கிரசின் உறுப்பினர் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்திருந்தது. கைகள் முப்பது மடங்கு தேர்ந்துவிட்டன என்று எவரும் வாதிடவில்லை.

மேற்பரப்போடு உட்கருவும் மாறியது. வட்டு போய், பல வடிவங்களில் அடர்ந்த உட்கருக்கள் வந்தன. அதனால் துளையின் பொருளும் மாறியது. உட்கருவின் உச்சியைக் காட்டும் புள்ளி பந்தின் மேல் குறிக்கப்பட்டிருக்கும். ஆட்டக்காரரின் சுழல் அச்சு பந்தின் மேற்பரப்பைச் சந்திக்கும் இடத்தை முதலில் கண்டறிந்து, அதிலிருந்து இந்தப் புள்ளி எவ்வளவு தொலைவில் இருக்கவேண்டும் என்று தீர்மானித்த பிறகே துளை இடப்படும். தொலைவு 3.375 அங்குலமாக இருந்தால், அதாவது பந்தின் சுற்றளவில் எட்டில் ஒரு பங்காக, 45 பாகையாக இருந்தால், உட்கரு மிகுந்த நிலையின்மையில் நிற்கும். உருளும்போது சுழல் அச்சு மெல்ல இடம்பெயரும். அதன் விளைவாக ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் வேறொரு பகுதி, எண்ணெய் படியாத புதிய பகுதி, தடத்தைத் தொடும். ஆட்டம் முடிந்து பந்தை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விசிறிபோல் விரிந்திருப்பது இதனால்தான். மோ பினெல் போன்ற வடிவமைப்பாளர்கள் புகழ்பெற்றது இந்த உட்கருவின் வடிவியலால். துளை இனி விரலுக்கு இடம் தருவதோடு நிற்பதில்லை. மேற்பரப்பின் எந்தப் பகுதி எப்போது தடத்தைத் தொடவேண்டும் என்பதையும் அதுவே வகுக்கிறது. பிடிக்கே பயன்படாத 'சமநிலைத் துளை' ஒன்றைக் கூடுதலாகக் குடைந்து இந்தப் போக்கை மேலும் திருத்தும் வழக்கமும் வேரூன்றியது.

துளையா, மேற்பரப்பா, எது முதன்மை என்ற கேள்விக்கு ஆய்வகம் பதில் தேடியது 2000களில். பழைய காங்கிரஸ் மற்ற அமைப்புகளோடு இணைந்து 2005 முதல் யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ் ஆயிற்று. அந்த அமைப்பு பந்தின் இயக்கத்தைப் பற்றிய விரிவான ஆய்வை மேற்கொண்டது. மனிதக் கையின் வேறுபாட்டை விலக்க இயந்திரம் பந்தை வீசியது. தடத்தின் நெடுக உணரிகள் பந்தைத் தொடர்ந்தன. பந்தின் பாதையை மிகுதியாகப் பாதிக்கும் காரணிகளின் வரிசையில் முதலிடம் மேற்பரப்பின் நுண்சொரசொரப்புக்கும் உராய்வுக்கும் கிடைத்தது. எண்ணெய் உறிஞ்சும் திறனும் முன்வரிசையில் இருந்தது. சுழற்சி ஆரம் முதலிய உட்கருப் பண்புகள் அதற்கு அடுத்து வந்தன. நூறாண்டு காலம் டோடோ தராசு அவுன்சுக் கணக்கில் காவல் காத்த எடை வேறுபாடுகளோ வரிசையின் அடியில் கிடந்தன.

இதைப் பட்டறைகள் முன்பே ஓரளவு அறிந்திருந்தன. 500, 1000, 2000, 4000 என எண்ணிட்ட தேய்ப்புத் தாள்களால் பந்தைத் தேய்ப்பது அங்கே அன்றாட வேலை. எண் சிறியதாயின் சொரசொரப்பு மிகுதி. சொரசொரப்பான மேற்பரப்பு எண்ணெய்ப் படலத்தை ஊடுருவித் தடத்தைத் தொடும். பந்து முன்னதாகவே பிடிமானம் பெற்று மெல்லிய வளைவில் செல்லும். ஆனால் உலர்ந்த தடத்தில் அதே பந்து தன் சுழற்சியை முன்னதாகவே செலவழித்துவிட்டுக் கட்டைகளை வலுவின்றி அடையும். மெருகேற்றிய மேற்பரப்பு எண்ணெயின் மேல் நெடுந்தொலைவு சறுக்கி, கடைசி இருபது அடியில் கூர்மையாகத் திரும்பும். ஒரே பந்து, ஒரே துளை, ஒரே கை. தேய்ப்புத் தாள் மட்டும் மாறினால் பாதை மாறிவிடுகிறது. விளையாட, விளையாட மேற்பரப்பு தானாகவே வழவழப்பாகும் என்பதால் இந்த வேலைக்கு முடிவும் இல்லை.

இந்த அறிவு விதியாக மாறிய விதம் கவனத்துக்கு உரியது. 2009இல் மேற்பரப்புச் சொரசொரப்புக்கு 50 மைக்ரோ அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.27 மைக்ரோமீட்டர், என்ற உச்ச வரம்பு வந்தது. தலைமுடியின் தடிமனில் இது ஐம்பதில் ஒரு பங்கை ஒட்டியது. 2018இல் அறிவிக்கப்பட்ட மாற்றங்களின்படி, 2019 ஆகஸ்ட் முதல் போட்டியின் நடுவே பந்தைத் திரவம் கொண்டு துடைப்பது தடைபட்டது. அப்போது உலர்ந்த துண்டு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 1 முதல் சமநிலைத் துளைகள் ஒழிக்கப்பட்டன. பந்தில் உள்ள ஒவ்வொரு துளையும் பிடிப்பதற்குப் பயன்பட்டாக வேண்டும். புதிய பந்துகளின் எண்ணெய் உறிஞ்சும் வேகத்துக்கும் வரம்பு வந்தது. கூடவே, பழைய 1 அவுன்சுப் பக்கவாட்டு வரம்பு 3 அவுன்சாகத் தளர்ந்தது. ஒரு காலத்தில் முறைகேட்டின் அடையாளமாக இருந்த எடை வேறுபாடு, அளந்து பார்த்தபின் ஏறக்குறைய பொருட்படுத்தத் தகாததாயிற்று. 2022இல், சில ஆண்டுகளுக்கு முன் தயாரான யூரித்தேன் பந்து ஒன்று குறைந்தபட்சக் கடினத்தன்மைக்குக் கீழே இருப்பதாகக் கண்டறியப்பட்டு தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. 1973இன் கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பின் அதே கடினமானியின் முன் மீண்டும் வந்து நின்றது.

எண்ணெய் உறிஞ்சும் வேகத்துக்கு வரம்பு விதித்ததில் இன்னொரு நியாயமும் உண்டு. பவுலிங்கில் ஒவ்வொருவரும் தமக்கான பந்தைக் கொண்டுவருகிறார்கள். தடம் மட்டுமே பொது. ரெசின் பந்து ஒவ்வொரு வீச்சிலும் அந்தப் பொதுத் தடத்தின் எண்ணெயைச் சிறிது எடுத்துச் செல்கிறது. முன்னே ஆடியவரின் பந்து பின்னே ஆடுபவரின் களத்தை மாற்றிவிடுகிறது. தனியார் கருவி பொதுக் களத்தை அரிக்கும்போது, கருவியின் விதி தனிமனித நேர்மையைக் கடந்து பொதுவளப் பங்கீட்டுக் கேள்வியாகிவிடுகிறது.

இந்திய வாசகருக்கு இதற்கு நிகரான வழக்கு கிரிக்கெட்டில் உண்டு. அங்கே பந்து பொது. இரு அணியும் ஒரே வகைப் பந்தை எதிர்கொள்கின்றன. ஒரு பக்கத்தை ஆடையில் தேய்த்து மெருகேற்றுவது கலை என மதிக்கப்படுகிறது. உப்புத்தாள் கொண்டு மறுபக்கத்தைச் சொரசொரப்பாக்குவது குற்றம். 2018 மார்ச்சில் கேப் டவுன் டெஸ்டில் அது பெரும் விவகாரமாயிற்று. எச்சில் தடவுவது நெடுங்காலம் இயல்பாக இருந்து, பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் தற்காலிகமாகவும் 2022இல் நிரந்தரமாகவும் ஐசிசியால் தடுக்கப்பட்டது. பவுலிங்கிலோ அதே தேய்ப்புத் தாள் போட்டி தொடங்கும்முன் முறையான கருவி. தொடங்கிய பின் அதைத் தொடக் கூடாது. கலைக்கும் குற்றத்துக்கும் இடையே உள்ள எல்லையைப் பந்தின் இயற்பியல் வகுப்பதில்லை. பந்து யாருடையது, களம் யாருடையது, எந்த நொடியில் போட்டி தொடங்குகிறது என்னும் சமூக ஏற்பாடுகளே அதை வகுக்கின்றன.

அறிவியல், தொழில்நுட்ப வரலாற்று மாணவர்கள் விளையாட்டு விதிப்புத்தகங்களை ஆவணக்காப்பகமாகப் படிக்கலாம். ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு பட்டறையில் யாரோ கண்டறிந்த ஓர் உத்தியின் தடயம். பவுலிங்கின் விதிப்புத்தகத்தில் தராசு, கடினமானி, சொரசொரப்புமானி என்ற வரிசையில் கருவிகள் வந்தன. எளிதில் அளக்க முடிந்ததை முதலில் அளந்தார்கள். அளந்ததையே நேர்மை என்று கொண்டார்கள். பந்தின் பாதையைத் தீர்மானித்தது வேறொன்று என்று அறிந்தபோது பல தலைமுறைகளின் புள்ளிகள் பதிவேட்டில் ஏறியிருந்தன, சில மறுக்கப்பட்டும் இருந்தன. அந்தப் பதிவேட்டில் 1969இன் 300க்கும் 1999இன் 300க்கும் ஒரே எண்தான். இரண்டும் ஒரே செயலைக் குறிக்கின்றனவா என்ற வினா, மாறும் கருவிகளோடு மாறாத எண்களை ஒப்பிடும் எல்லாத் துறைகளுக்கும் உரியது.